விடுமுறை வேதாகமப் பாடசாலையில் குழுப் பொறுப்பாளராகப் பணியாற்றுவது எப்படி?

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் மட்டக்களப்பில் பல திருச்சபைகள் காலை எட்டரை மணி முதல் மதியம் வரை சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பாடசாலை நடத்துகின்றன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் தம்பி, தங்கைமாரே பெரும்பாலும் குழுக்களுக்குப் பொறுப்பாக அழைக்கப்படுகிறார்கள். பாட்டு, கதை, கைவேலை ஆகியவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பயிற்சி கொடுக்கப்படுகிறது. ஆனால் பாட்டு முடிந்து கதை தொடங்கும்வரை உள்ள ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. குழுப் பொறுப்பாளரின் வேலை பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடங்களில்தான் இருக்கிறது. அபிநயப் பாடல் பழக்குவது எப்படி என்று இங்கே நான் எழுதப்போவதில்லை; ஓய்வுநாள் பாடசாலையில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும்.

படி 1: பட்டியலைக் கொப்பியில் எழுதுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பிள்ளையின் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், வயது, தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை, மதியம் யாரிடம் ஒப்படைப்பது என்ற வரிசையில் கட்டங்கள் கீறுங்கள். கைத்தொலைபேசியில் பட்டியல் வைத்திருப்பது எனக்குச் சிறிதும் பிடிக்காது: வெயிலில் திரை தெரியாது, தேவையான நேரத்தில் சார்ஜ் இருக்காது, பிள்ளைகளும் அதைத் தரும்படி கேட்டு விடமாட்டார்கள். ஒவ்வாமைக் கட்டத்தில் கச்சான் (நிலக்கடலை), இறால் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள், "ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் மாதம் என்பதால், வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அலுவலக அலுமாரியில் அல்ல, உங்கள் பையில் இருக்கவேண்டும்.

மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கிய காலத்திலிருந்தே, திருச்சபை நடத்தும் இடங்களுக்குச் சைவப் பிள்ளைகளும் வந்து பழகியிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு இது வேதாகமப் பாடம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, கையொப்பமிட்ட கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். நெற்றியில் இருக்கும் திருநீற்றைப் பற்றி எந்தப் பேச்சும் வேண்டாம். நாட்களைத் தீர்மானிக்கும்போது மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் எப்போது என்று பார்த்துவிட்டால், அன்று பாதிக் குழு வராததைக் கண்டு திகைக்க நேராது.

படி 2: பெயரட்டை

அட்டையைச் சட்டையில் ஊசியால் குத்துங்கள். கழுத்தில் நூலால் தொங்கவிடுவது ஓடி விளையாடும் இடத்தில் ஆபத்தானது.

படி 3: ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் படி இதுவே. மண்டபத்திலிருந்து மாமரத்தடிக்கு இருபது அடி தூரம்தான் என்றாலும், அந்த இருபது அடிக்குள் ஒருவன் தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருப்பான், இன்னொருத்தி செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள், மூன்றாவது பிள்ளை வேறு குழுவில் இருக்கும் தன் மச்சாளோடு சேர்ந்து நடந்திருக்கும்.

முதலில், போகும் இடம் தயாராகிவிட்டதா என்று ஒரு பெரிய பிள்ளையை அனுப்பிப் பார்த்த பின்னரே எழும்பச் சொல்லுங்கள். போய் நின்று காத்திருப்பதைவிட இருந்துகொண்டு காத்திருப்பது எவ்வளவோ எளிது. பிள்ளைகளைச் சோடி சோடியாக நிறுத்தி, வழி தெரிந்த ஒரு பிள்ளையை முன்னே விட்டு, நீங்கள் கடைசியாக நடவுங்கள். பொறுப்பாளர் முன்னே நடப்பதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் கழன்று போவது எப்போதும் வரிசையின் பின்பக்கத்தில்தான்.

புறப்படும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும் எண்ணவேண்டும். விரல் நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது பிள்ளைகள் இடம் மாறிவிடுவார்கள் என்பதால், நான் மனப்பாட வசனத்தைக் கொண்டே எண்ணுகிறேன். 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் தமிழில் ஐந்தே சொற்கள். வரிசையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல் மட்டும் சொல்ல, ஐந்தாவது சொல் முடிந்ததும் மீண்டும் முதற் சொல்லிலிருந்து தொடங்கவேண்டும். பன்னிரண்டு பேர் இருந்தால் இரண்டு சுற்று முடிந்து, கடைசிப் பிள்ளை இரண்டாவது சொல்லைச் சொல்லும். முதற் சொல்லோடு வரிசை முடிந்துவிட்டால் ஒருவர் குறைகிறார் என்று பொருள். ஐந்து பிள்ளைகள் ஒன்றாகக் காணாமற்போனால் இந்த முறை அதைக் காட்டிக்கொடுக்காது என்பது உண்மைதான், ஆனால் அதை அறிய வசனம் சொல்லிப் பார்க்கவேண்டிய தேவை இருக்காது. காத்திருக்கும் நேரமும் இதனால் நிரம்புகிறது, வசனமும் பாடமாகிறது. விசில் ஊதுவதை நான் விரும்புவதில்லை. ஒரு குழுவுக்கு ஊதினால் எல்லாக் குழுக்களும் திரும்பிப் பார்க்கும்.

மலசலகூடத்துக்கு எப்போதும் இரண்டு பிள்ளைகளாகவே அனுப்புங்கள். ஒரு பெண் உதவியாளர் வெளியே நிற்கட்டும். மூடிய அறையில் எந்தப் பொறுப்பாளரும் ஒரு பிள்ளையுடன் தனியே இருக்கக்கூடாது. வீட்டில் நடக்கும் துன்பத்தை ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல் பொறுமையாகக் கேட்டு, அன்றைக்கே நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

படி 4: வெயிலும் சாப்பாடும்

ஓடி விளையாடும் விளையாட்டுகளை ஒன்பதரை மணிக்குள் முடித்துவிட்டு, அதன் பின்னர் நிழலைவிட்டு வெளியே வராதீர்கள். ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் போத்தலில் இருந்து இரண்டு மிடறு குடிப்பதைக் கட்டாயமாக்குங்கள். முதலுதவிப் பெட்டியில் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) இருக்கட்டும். முழுப் பாக்கெட்டையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும், கிளாசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது தவறு. பிள்ளை மயங்கிவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வெள்ளிக்கிழமைகளில் மீன் பணிஸும் முட்டை ரோல்ஸும் வேண்டாம். சைவ வீட்டுப் பிள்ளைகள் கையில் வாங்கிவிட்டுத் தின்னவும் முடியாமல் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நிற்பார்கள். கொண்டைக்கடலையும் வாழைப்பழமும் எல்லோருக்கும் பொருந்தும்.

படி 5: பலூன் உடைக்கும் விளையாட்டை விட்டுவிடுங்கள்

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில், ஓய்வுநாள் பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று நம்மோடு தொண்டர்களாக நிற்கக்கூடும். திடீர்ச் சத்தம் எழுப்பும் எதையும் நான் விளையாட்டில் சேர்ப்பதில்லை. வாசலில் இரண்டு பெரியவர்கள் நிற்பதும், தெரியாதவரை யார் எவரென்று கேட்டு உள்ளே விடுவதும் பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும்படி நடக்கட்டும்.

படி 6: ஒப்படைத்தல்

தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் பலர். காலையில் அம்மம்மா கொண்டுவந்து விட்ட பிள்ளையை மதியம் மாமாவோ ஓட்டோ ஓட்டும் அண்ணாவோ கூட்டிப்போக வரலாம். கொப்பியில் பெயர் இல்லாதவர் வந்தால், பிள்ளை அவரை "மாமா" என்று கூப்பிட்டாலும், வீட்டுக்கு ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். "கொஞ்சம் இருங்க மாமா, வீட்ட ஒருக்கா கேட்டுட்டு விடுறன்" என்று மரியாதையாகச் சொன்னால் கோபிப்பவர் குறைவு. கூட்டிச் செல்பவரிடம் கொப்பியில் கையொப்பம் பெற்ற பிறகே பிள்ளையின் கையை விடுங்கள்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஓர் அக்கா, புலமைப்பரிசில் வகுப்புக்காகப் பத்தரை மணிக்கே புறப்படும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அவர்களுக்கும் அதே கையொப்பம்தான். புறப்பட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவர் போனதும் வசனம் முடியும் சொல்லும் மாறிவிடும் என்பதால், "இனி முதற் சொல்லோடு முடியவேண்டும்" என்று குழுவுக்கு உரக்கச் சொல்லிவிடுங்கள். தவறினால் பிள்ளைகளே திருத்துவார்கள்.