பேஸ்பால், சாஃப்ட்பால் குறுக்கீடு: முதன்முறை அம்பயராக நிற்பவருக்கு

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர் பக்கத்து மைதானங்களில் அம்பயராக நிற்க வரும் நம்மவர்கள் பலரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் ஃபீல்டரைத் தடுத்ததற்கு அவுட் கொடுக்க, வேண்டுமென்றே செய்தாரா என்று பார்ப்போம். இங்கே பல இடங்களில் அந்தக் கேள்வியே கிடையாது. தவறான தீர்ப்புகளில் பாதி இதனால்தான் வருகின்றன.

1. கோடு போடுங்கள். பேட்டர் பாக்ஸ் (பேட்டர் நிற்கும் கட்டம்) சாஃப்ட்பாலில் 3 அடி அகலம், 7 அடி நீளம். பேஸ்பாலில் 4 அடிக்கு 6 அடி. இரண்டிலும் ஹோம் பிளேட்டிலிருந்து 6 அங்குலம் தள்ளி. செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்காது, பேட்டர்களே காலால் தேய்த்துவிடுவார்கள். டேப் பிடித்து அளப்பதை விட, இந்த அளவில் ஒரு மரச்சட்டம் அடித்து வைத்துக்கொள்வதே மேல். பாதி ஆட்டத்தில் மறுபடி போட அரை நிமிடம் போதும்.

2. கேட்சர் (ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பேட்டரைத் தடுத்தால். பேட்டர் சுழற்றும்போது கேட்சரின் கையுறை பேட்டில் உரசும். "டக்" என்று மெல்லிய சத்தம்தான் கேட்கும். பேஸ்பாலில் இது இன்டர்ஃபியரன்ஸ், சாஃப்ட்பாலில் அப்ஸ்ட்ரக்ஷன். பெயர்தான் வேறு.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: உடனே "டெட் பால்" (ஆட்டம் நின்றது) என்று கத்திவிடுவார்கள். கத்தாதீர்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முஷ்டி மடக்கி, ஆட்டம் ஓடி முடியும்வரை பொறுங்கள். (பால், ஸ்ட்ரைக், அவுட் எண்ணும் கவுண்டரை அந்தக் கையிலேயே வைத்திருங்கள், முஷ்டிக்குள் அடங்கிவிடும். ஃபோன் ஆப் வேண்டவே வேண்டாம்.) பேட்டர் முதல் பேஸை அடைந்து, மற்ற ரன்னர்களும் (ஏற்கெனவே பேஸில் நிற்பவர்கள்) ஒரு பேஸாவது முன்னேறிவிட்டால் குறுக்கீட்டை மறந்துவிடலாம். இல்லையென்றால் பேட்டருக்கு முதல் பேஸ்.

ஏன் பொறுக்க வேண்டும்? ஒரு அவுட், மூன்றாம் பேஸில் ரன்னர் என்று வையுங்கள். கையுறை உரசியும் பந்து உருண்டு போகிறது. பேட்டர் முதல் பேஸில் அவுட், ரன்னரோ ஹோம் வந்துவிட்டார். தண்டனையை அமல்படுத்தினால் பேட்டர் முதல் பேஸுக்கு, ரன்னர் மூன்றாம் பேஸுக்கே திரும்ப வேண்டும். ஆட்டத்தின் முடிவை ஏற்றால் ஒரு ரன், இரண்டு அவுட். எது வேண்டும் என்பது பேட்டிங் அணி மேனேஜரின் உரிமை. அவர் உடனே வந்து சொல்ல வேண்டும். நீங்கள் முன்கூட்டியே ஆட்டத்தை நிறுத்தினால் அந்த உரிமையைப் பறித்தவராவீர்கள்.

3. பேட்டர் கேட்சரைத் தடுத்தால். ரன்னர் இரண்டாம் பேஸைத் திருடுகிறார் (பந்து அடிபடக் காத்திராமல் ஓடுகிறார்), சுழற்றிய வேகத்தில் பேட்டர் தடுமாறி பிளேட்டின் குறுக்கே வந்து கேட்சரின் எறிதலைக் கெடுக்கிறார். தெரியாமல் நடந்திருந்தாலும் குறுக்கீடுதான். பேஸ்பாலில் இங்கேயும் எறிதல் என்னாகிறது என்று பாருங்கள். அதில் ரன்னர் அவுட்டானால் அதுவே நிற்கும். ஆகாவிட்டால் பேட்டர் அவுட், ரன்னர் பழைய பேஸுக்கு.

"பாக்ஸுக்குள்ளதான் சார் நின்னேன்!" என்பார்கள். அசையாமல் நின்றிருந்தால் சரி. சாய்ந்தோ நகர்ந்தோ மறித்திருந்தால் பாக்ஸ் காப்பாற்றாது. ஹோம் பிளேட்டில் ஆட்டம் நடக்கும்போது விலக நேரமிருந்தும் விலகாவிட்டாலும் அப்படியே. மூன்றாம் பேஸிலிருந்து ரன்னர் வரும்போது இப்படி நடந்து, இரண்டு அவுட் ஆகவில்லையென்றால், அவுட் ஆவது அந்த ரன்னர், பேட்டர் அல்ல.

4. ரன்னர் ஃபீல்டரைத் தடுத்தால். அடித்த பந்தை எடுக்கப்போகும் ஃபீல்டருக்கு ரன்னர்தான் வழிவிட வேண்டும். மோதினால், வேண்டுமென்றோ தெரியாமலோ, ரன்னர் அவுட். இதற்கு மட்டும் காத்திருக்காமல் இரு கைகளையும் தூக்கி உடனே டெட் பால் சொல்லுங்கள். பேட்டருக்கு முதல் பேஸ். எறிந்த பந்து என்றால் கதை வேறு: ரன்னர் வேண்டுமென்றே மறித்தால்தான் அவுட். உங்கள் கிரிக்கெட் கண் இங்கே உதவும்.

பின்சேர்க்கை: சுழற்றி முடித்த பேட் பின்னால் வந்து கேட்சர்மேல் பட்டால் என்ன என்று கேட்டிருந்தார்கள். பேஸ்பாலில், வேண்டுமென்றே செய்யாதவரை, அது வெறும் ஸ்ட்ரைக். கேட்சரின் முதல் எறிதலில் ரன்னர் அவுட்டாகாவிட்டால் டெட் பால், ரன்னர்கள் திரும்ப வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரைக்காக இருந்தால் மட்டுமே பேட்டர் அவுட்.