டாக்ஸ் சைட்டை முதல்ல உங்க லேப்டாப்ல ஓட விடுங்க, அப்புறம் பிஆர் போடலாம்

பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில ஞாயித்துக்கிழமை காலேஜ் பசங்களோட உக்காரும்போது அடிக்கடி கேக்குறது இதுதான், அண்ணா எனக்கு கோடு அவ்வளவா வராது, ஓப்பன் சோர்ஸ்ல நான் என்ன பண்ண முடியும்னு. டாக்குமென்டேஷன்ல, அதாவது டூலை எப்படி இன்ஸ்டால் பண்றது, பயன்படுத்துறதுன்னு சொல்ற டாக்ஸ் பக்கங்கள்ல இறங்குங்கன்னுதான் சொல்வேன். ஒரு டூலை இன்ஸ்டால் பண்ணும்போது எந்த வரியில நீங்க அரை மணி நேரம் முழிச்சீங்களோ, அந்த வரியைத் திருத்துறதுதான் உங்க முதல் பிஆர், அதாவது புல் ரெக்வெஸ்ட், என் மாத்தத்தைச் சேத்துக்கங்கன்னு ப்ராஜெக்ட்காரங்ககிட்ட கேக்குறது. பல வருஷமா அந்த ப்ராஜெக்ட்ல இருக்கறவங்க கண்ணுக்கு அது தெரியாது, புதுசா வர்றவங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல ரெப்போவை, அதாவது ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் இருக்கிற இடத்தைத் திறந்து டாக்ஸ் சைட்டை எந்த டூல்ல கட்டியிருக்காங்கன்னு பாருங்க. எம்கேடாக்ஸ் டாட் ஒய்எம்எல்னு ஃபைல் இருந்தா எம்கேடாக்ஸ், கான்ஃப் டாட் பை இருந்தா பெரும்பாலும் ஸ்பிங்க்ஸ், டாக்கசாரஸ் பேர்ல கான்ஃபிக் இருந்தா அது நோட் ஜேஎஸ்ல ஓடுறது. நான் எம்கேடாக்ஸை வெச்சு சொல்றேன், ஆரம்பிக்க அதான் சுலபம்.

கிட்ஹப்ல ஃபோர்க் பண்ணிட்டு (ரெப்போவோட காப்பி ஒண்ணு உங்க அக்கவுன்ட்ல வந்துடும்) உங்க ஃபோர்க்கை க்ளோன் பண்ணி லேப்டாப்ல இறக்குங்க, மொபைல் டேட்டாவுல இருந்தா டபுள் ஹைஃபன் டெப்த் 1 சேத்துக்கங்க, பழைய ஹிஸ்டரி எல்லாம் இறங்காது, டேட்டா மிச்சம். அப்புறம் ஃபோல்டருக்குள்ள ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் தனி பைத்தான் இடம்) போட்டு ஆக்டிவேட் பண்ணிட்டு, தேவையான பேக்கேஜ் லிஸ்ட் இருக்கிற ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலை பிப்ல, அதாவது பைத்தான் பேக்கேஜ் இறக்குற டூல்ல இன்ஸ்டால் பண்ணுங்க. இதைத் தாண்டிப் போகாதீங்க, உபுண்டு 24.04ல சிஸ்டம் பைத்தான்ல நேரா பிப் அடிச்சா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு எரர் குடுத்து நின்னுடும். முடிஞ்சதும் எம்கேடாக்ஸ் சர்வ்னு அடிங்க, ப்ரௌசர்ல 127.0.0.1:8000 போனா மொத்த சைட்டும் உங்க மெஷின்லயே ஓடும், ஃபைலை சேவ் பண்ணா பக்கம் தானா மாறும். 8000 போர்ட்டை வேற ஏதாவது பிடிச்சிருந்தா ஹைஃபன் ஏ போட்டு 127.0.0.1:8001 குடுங்க.

ஒரு தடவை இறக்கிட்டா எழுதிப் பாக்க நெட்டே வேணாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ எங்க தெருவுல கரண்டும் இல்ல நெட்டும் இல்ல, லேப்டாப்ல சார்ஜ் இருந்த வரைக்கும் ஒரு பக்கத்தைத் திருத்தி கமிட் பண்ணி (மாத்தத்தை லேப்டாப்லயே பதிஞ்சு) வெச்சிருந்தேன், லைன் வந்தப்புறம் புஷ் பண்ணி கிட்ஹப்புக்கு அனுப்பினேன்.

கிட்ஹப் ப்ரிவ்யூல பாத்தா போதாதான்னு கேப்பீங்க, போதாது, இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. டாக்ஸ் எழுதுறது மார்க்டவுன்ல, அதாவது சாதா டெக்ஸ்ட்ல சின்னக் குறி போட்டு தலைப்பு, லிஸ்ட் எல்லாம் காட்டுற முறையில. கிட்ஹப்போட மார்க்டவுன் வேற, எம்கேடாக்ஸ் உள்ள இருக்கிற பைத்தான் மார்க்டவுன் வேற. பாராவுக்குக் கீழ நடுவுல காலி வரி விடாம லிஸ்ட் ஆரம்பிச்சா கிட்ஹப்ல அழகா லிஸ்ட்டா தெரியும், சைட்ல எல்லாம் ஒரே பாராவா ஒட்டிக்கும். லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட் போட ரெண்டு ஸ்பேஸ் கிட்ஹப்புக்குப் போதும், இங்க நாலு வேணும், இல்லன்னா உள் லிஸ்ட் வெளிய வந்துடும். இன்ஸ்டால் ஸ்டெப்ஸ் இப்படி கலைஞ்சு கிடந்தா படிக்கிறவங்க எதுக்குள்ள எது வருதுன்னு தெரியாம தவிச்சுடுவாங்க, லோக்கல்ல ஒரு தடவை கண்ணால பாத்தா ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிடலாம்.

புது பக்கம் சேத்தா எம்கேடாக்ஸ் டாட் ஒய்எம்எல்ல நாவ், அதாவது சைட் மெனு லிஸ்ட் இருக்கான்னு பாத்து அதுலயும் சேருங்க, டேப் கீ போடாதீங்க, ஸ்பேஸ் மட்டும்தான். அனுப்புறதுக்கு முன்னாடி எம்கேடாக்ஸ் பில்ட் டபுள் ஹைஃபன் ஸ்ட்ரிக்ட் ஓட்டுங்க, ஒடைஞ்ச லிங்க் வார்னிங் வந்தா பில்ட் ஃபெயில் ஆயிடும்.

மெயின் ப்ராஞ்ச்ல கை வெக்காம தனி ப்ராஞ்ச்ல (உங்க மாத்தத்துக்குன்னு தனியா ஒரு கிளை) வேலை பண்ணுங்க, கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலைப் படிங்க, சில ப்ராஜெக்ட்ல சைன்-ஆஃப், அதாவது கமிட்ல உங்க பேர், மெயிலோட ஒரு வரி கேப்பாங்க, கமிட்ல ஹைஃபன் எஸ் போட்டா வந்துடும். ஒரு பிஆர்ல ஒரு விஷயம் மட்டும் வைங்க, டிஸ்க்ரிப்ஷன்ல எங்க மாட்டுனேன், எதை மாத்துனேன், லோக்கல்ல ஓட்டிப் பாத்தேன்னு மூணு வரி எழுதுங்க. ரிவ்யூல மாத்தச் சொன்னா புதுசா பிஆர் திறக்க வேணாம், அதே ப்ராஞ்ச்ல புஷ் பண்ணாலே அதுலயே போய்ச் சேரும்.