வென்டிலேட்டரில் உள்ளவரின் நுரையீரல் கொள்ளளவை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பயிற்சி மருத்துவர் ஒருவர், பீப் அழுத்தத்தை (மூச்சை விட்டு முடித்த பின்னும் நுரையீரலில் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்) உயர்த்தியதும் திரையில் கூடிய கொள்ளளவு எண்ணைக் காட்டி, "நுரையீரல் நன்றாகத் திறந்துவிட்டது, சார்" என்று மகிழ்ந்தார். அதே மகிழ்ச்சியோடு நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். குழாய் கழன்றிருப்பது, அளவுத்திருத்தத்தை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைக் கருவியே கத்திச் சொல்லிவிடும்.

இந்தக் கொள்ளளவை அளக்கும் நைட்ரஜன் வெளியேற்ற முறையின் கணக்கு எளியது. உள்ளே செல்லும் ஆக்சிஜனை 40 விழுக்காட்டிலிருந்து 60-க்கு உயர்த்தினால், நைட்ரஜன் 60-இலிருந்து 40-க்கு இறங்கும். அதற்குள் உள்ளே சென்றதைவிட 400 மி.லி. நைட்ரஜன் கூடுதலாக வெளியே வந்திருந்தால், 400-ஐ 0.2-ஆல் வகுக்கக் கிடைக்கும் 2000 மி.லி.தான் மூச்சை விட்டு முடித்த நிலையில் நுரையீரலில் எஞ்சும் காற்று.

கூடிய அளவை எல்லாம் திறந்த நுரையீரலாக எண்ணுவது

கடும் மூச்சுத்திணறலோடு வந்த நோயாளி ஒருவருக்குப் பீப் 5 செ.மீ. நீராக இருந்தபோது 1100 மி.லி. கிடைத்தது, 15-க்கு உயர்த்தியதும் அது 1510 ஆயிற்று. மூடியிருந்த காற்றறைகள் 410 மி.லி. அளவுக்குத் திறந்துவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இரவு முழுவதும் அதே அழுத்தத்தில் வைத்திருந்தேன். விடிவதற்குள் இரத்த அழுத்தம் சரிந்து, அதை உயர்த்தக் கொடுக்கும் நார்அட்ரினலின் மருந்தின் அளவு ஏறியது. ஆக்சிஜன் நிலையோ முன்பிருந்தபடியே இருந்தது.

காலையில் மூத்தவர் கேட்டது ஒன்றே: "கம்ப்ளையன்ஸ் எவ்வளவு?" அதாவது, ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு நுரையீரல் எத்தனை மி.லி. விரிகிறது? பீப் 5-இல் மூச்சளவு 400 மி.லி., மூச்சு உள்ளே சென்று நிற்கும்போதுள்ள பிளாட்டோ அழுத்தம் 15, இடைவெளி 10; ஆகவே ஒவ்வொரு செ.மீ. அழுத்தத்துக்கும் 40 மி.லி. ஏற்கெனவே திறந்திருந்த பகுதி 10 செ.மீ. கூடுதல் அழுத்தத்தில் விரிவதற்கு மட்டுமே 400 மி.லி. வேண்டும். மீதமிருந்த 10 மி.லி. அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். நான் நுரையீரலைத் திறக்கவில்லை; திறந்திருந்ததை உப்ப வைத்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தையும் தடுத்திருந்தேன்.

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான், ஏனெனில் எண் சரியாகவே இருக்கும், கருவியும் ஒழுங்காகவே வேலை செய்திருக்கும், பிழை முழுவதும் படிப்பவரிடம் இருக்கும். பீப் மாற்றத்தைத் தாழ்ந்த பீப்பில் அளந்த கம்ப்ளையன்ஸால் பெருக்கி, கூடிய அளவிலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதைப் பற்றி மட்டுமே பேசுங்கள். காற்று உள்ளே சிக்கித் தானாகப் பீப் உருவாகும் நோயாளியிடம், வென்டிலேட்டரில் வைத்த அழுத்தத்தை அல்ல, மொத்த பீப்பையே கணக்கில் எடுங்கள்.

நிலைபெறாத நோயாளியை அளப்பது

பல கருவிகள் நைட்ரஜனை நேரடியாக அளப்பதில்லை. ஆக்சிஜனையும் கார்பன் டைஆக்சைடையும் கழித்து மிஞ்சுவதையே நைட்ரஜனாகக் கொள்கின்றன. நடுக்கமோ இருமலோ உள்ளவரிடம், அல்லது அமைப்பை மாற்றிய மறுநிமிடமே அளந்தால், உடலின் வாயுப் பரிமாற்றம் கொள்ளளவாக வேடமிட்டு வரும். ஆக்சிஜனை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்து, இரண்டும் வெகுவாக விலகினால் இரண்டையும் தள்ளிவிடுங்கள்.

கசிவு

நெஞ்சு வடிகுழாயில் குமிழி வருகிறதென்றால் அளக்காதீர்கள்.

தூய ஆக்சிஜன் வரை ஏற்றுவது

1940-இல் டார்லிங், கூர்நாந்த், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் விவரித்த திறந்த சுற்று முறையில் சுவாசிக்கக் கொடுத்தது தூய ஆக்சிஜன். நோயுற்ற நுரையீரலிலோ, நைட்ரஜன் முற்றிலும் போய்விட்ட காற்றறைகளில் ஆக்சிஜன் உறிஞ்சப்பட்டு அவை சுருங்கிவிடக்கூடும். அளக்கும் செயலே அளவைக் குறைத்துவிடும். 10 முதல் 20 விழுக்காட்டு மாற்றம் போதும்.

மாதிரிக் குழாயை மாற்றிவிட்டுப் பழைய தாமதத்தையே வைத்திருப்பது

மாதிரி வாயுவைக் கருவிக்கு எடுத்துச் செல்லும் குழாயின் நீளம் மாறினால், காற்றோட்டக் குறிகைக்கும் வாயுக் குறிகைக்கும் இடையிலான நேரமும் மாறும்.

பீப்போடு அளந்ததை எஃப்ஆர்சி என்று எழுதுவது

எஃப்ஆர்சி என்பது கூடுதல் அழுத்தம் ஏதுமின்றி மூச்சை விட்டு முடித்த நிலையில் எஞ்சும் காற்று; பீப்போடு அளந்தது அது அல்ல.

சுவாசக் குழாயில் பொருத்திய வடிகட்டியின் உட்கொள்ளளவை மறப்பது

கருவி அதைத் தானே கழிக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருமுறை கழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.