கல்லைப் புரட்டினால் திரும்ப வையுங்கள்: முதுகெலும்பற்ற உயிர்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதியவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வழியெல்லாம் கற்கள் மல்லாந்து கிடக்கும். தொப்பி, தண்ணீர், காலணி பற்றி ஊரறிய எழுதியாகிவிட்டது, அவற்றை விட்டுவிடுவோம்.

கல்லைப் புரட்டிவிட்டு நடையைக் கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் தவறு இது. கல்லுக்கடியில் ஈரமும் இருட்டும் குலையாமல் இருப்பதால்தான் அங்கே உயிர்கள் இருக்கின்றன. மண்புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சுத் திணறிச் சாகும். மரவட்டையால் தன் சுவாசத் துளைகளை இறுக மூட முடியாது. உடலின் நீர் அந்த வழியே போய்விடும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் தாய்ப் பூரானைக் கலைத்தால், அதுவே தன் முட்டைகளைத் தின்றுவிடுவதும் உண்டு. எறும்புகள் கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு ஓடுவதை ஆசையாகப் படமெடுக்கிறார்களே, அது கூடு குலைந்த பதற்றம்.

அவசரமாகத் திரும்பப் போடுவது இன்னும் மோசம். அடியில் இருப்பவை நசுங்கிவிடும்.

விரலை அடியில் நுழைக்காதீர்கள். கல்லின் எதிர் விளிம்பில் கொக்கியை மாட்டி, கல்லை உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். பாம்பு இருந்தாலும் நடுவில் கல் இருக்கும். அது அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடியுங்கள். பிறகு உயிர்களை மென்மையான தூரிகையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி இறக்குங்கள். ஒதுக்கியவற்றை விளிம்பருகே விட்டால் தாமே உள்ளே போய்விடும். கல்லைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் மண்ணும் சருகும் போட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் காற்று புகுந்து அடிமண் உலர்ந்துவிடும்.

மக்கும் கட்டையின் பட்டையை மட்டும் உரிக்கவே வேண்டாம். கல்லையாவது திரும்ப வைக்கலாம், பெயர்ந்த பட்டை ஒட்டாது.

கால்களைத் தவறாக எண்ணுவது

கம்பளிப்பூச்சிக்கு 16 கால் என்று குறித்துவிட்டு, ‘பூச்சிக்கு 6 கால்தானே, அப்படியானால் இது பூச்சி இல்லையே’ என்று குழம்புவார்கள். மார்பில் உள்ள 3 ஜோடி மட்டுமே உண்மையான கால்கள். வயிற்றில் இருப்பவை சதைப்பற்றான போலிக்கால்கள். தேளின் இடுக்கிகளும் கால்களல்ல. அதற்கு 8 கால்தான். மரவட்டையின் பெரும்பாலான கண்டங்களில் (உடலின் வளையம் போன்ற பகுதிகளில்) 2 ஜோடிக் கால்கள், பூரானுக்குக் கண்டத்துக்கு 1 ஜோடி.

பூரானைக் கையில் எடுப்பது

வேண்டாம். அதன் விஷக்கொடுக்குகளே உருமாறிய முதல் ஜோடிக் கால்கள்தான்.

மரவட்டையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்குவது

சோப்புப் போட்டுக் கழுவும்வரை கை முகத்துக்குப் போகக் கூடாது. மரவட்டை கசியவிடும் திரவம் கண்ணைப் புண்ணாக்கும்.

மேலிருந்து ஒரே படம்

சிலந்தி என்றால் கண்களின் வரிசை தெரிய முன்னாலிருந்து ஒரு படம், நத்தை என்றால் ஓட்டின் வாய் தெரிய ஒரு படம், இரண்டிலும் பக்கத்தில் ஓர் அளவுகோல். இவை இல்லாமல் இனத்தைச் சொல்வது பல நேரம் முடியாது. அதற்காக மறுநாள் அதே கல்லை மறுபடியும் தூக்குகிறார்கள்.