பழைய ஆஷ்ட்ரே வாங்கும்போது

எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனால் பதினோரு ஆஷ்ட்ரேக்கள் இருக்கின்றன. முதலாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையில் வாங்கியது: கனத்த பித்தளை, விளிம்பில் நான்கு பள்ளம்.

கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. பித்தளை விலை கொடுக்காதீர்கள். கண்ணாடி என்றால் விளிம்பில் மெதுவாக விரல் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் சில்லு விரலுக்குத் தப்பாது. பீங்கானைத் திருப்பி அடி முத்திரையைப் பாருங்கள். 1967இல் ஏர் இந்தியாவுக்காக ஸ்பானிய ஓவியர் சால்வதோர் தாலி வடிவமைத்ததும் பீங்கான் ஆஷ்ட்ரேதான். அதைத் தாங்கும் அன்ன உருவத்தைத் தலைகீழாக்கினால் யானை தெரியும். கூலியாக அவர் கேட்டது யானைக்குட்டி. விமானத்தில் அனுப்பியும் வைத்தார்கள்! நான் தேடுவது அந்த அளவுக்கு அரியதல்ல, ஆனால் அந்தக் கதைதான் என்னை இதில் இழுத்தது.

புகையிலை வாடைக்குச் சமையல் சோடா கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். பித்தளைக்குப் புளி போதும், அதுவும் அளவாக. செதுக்கு வேலை நிறைந்த ஒன்றை நான் பளபளவென்று தேய்த்துவிட்டேன். பள்ளங்களின் கறுப்பு போனதும் பூக்களே மங்கிவிட்டன. இன்னும் மனசு ஆறவில்லை.

பித்தளையில் கொசுவர்த்தி வைக்கலாம், வாசலோரம் வைத்தால் சாவி, கம்மல் போடலாம். நீலக் கண்ணாடியைக் கிழக்கு ஜன்னலில் வெறுமையாக வையுங்கள், காலை ஏழு மணி வெயிலுக்கு. முந்திரி, மிட்டாய் மட்டும் வேண்டாம். பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்கலாம்.