செங்கோட்டை–புனலூர் பஸ் வரைபடத்தில் ஸ்டேஜ் காட்டுவது எப்படி?

செங்கோட்டையில் கேரளத்துப் புனலூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "கழுதுருட்டிக்கு எவ்வளவு?" என்றுதான். வழி தெரியும், டிக்கெட் காசு எந்த இடத்தில் கூடுகிறது என்பதுதான் தெரியாது. அதைக் காட்டும் படத்தை ஒரு சார்ட் அட்டையில் நீங்களே வரையலாம்.

முதலில் ஸ்டேஜ் பட்டியல், அதாவது டிக்கெட் காசு கூடும் இடங்களின் பட்டியல். பஸ் நிற்கிற இடமெல்லாம் ஸ்டேஜ் ஆகாது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் ஏறினால் முந்தின ஸ்டேஜிலிருந்தும், நடுவில் இறங்கினால் அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் காசு. கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் கண்டக்டரிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார், எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரே நேர்கோடு. புளியரை தாண்டி வரும் எஸ் வளைவை அப்படியே வரைந்தால் ஊர்ப்பெயர் எழுத இடம் இருக்காது. செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, இடமண், புனலூர் என்று கோட்டின் மேல் ஏற்றுங்கள். ஸ்டேஜுக்குப் பெரிய வட்டம், மற்றதற்குச் சின்னப் புள்ளி.

இனி கோட்டுக்குப் பின்னால் நிறப் பட்டைகள். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்தது வரை வெள்ளை, அதற்கடுத்து வெளிர் சாம்பல். லண்டன் சுரங்க ரயில் படத்தில் கட்டண மண்டலங்களை இப்படித்தான் காட்டுகிறார்கள். வெயிலில் சாயம் வெளுக்கும், ஆகவே பட்டைக்குள் வரிசை எண்ணையும் எழுதுங்கள்.

ஸ்டேஜ் வட்டம் சரியாக இரண்டு பட்டைகளும் சேரும் கோட்டின் மேல் இருக்கட்டும். நான் முதலில் வரைந்த படத்தில் ஆரியங்காவைப் பட்டையின் நடுவில் வைத்துவிட்டேன். ஒரு பாட்டி விரல் வைத்து முழுப் பட்டைகளை மட்டும் எண்ணி, அந்தக் கணக்குக்குச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் காசு குறைந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, பல்லால் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று இரவே அட்டையை மாற்றினேன்.

கோட்டைவாசலில் தடித்த சிவப்புக் கோடு போடுங்கள், அதுதான் மாநில எல்லை. கேரளத்தில் 2022 மே மாதம் சாதாரண பஸ்ஸுக்குக் குறைந்தது 10 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2018-இல் புறநகர் சாதாரண பஸ்ஸுக்கு வைத்தது கிலோமீட்டருக்கு 58 காசு. பட்டை ஒரே அகலம் என்பதால் காசும் ஒன்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் சாம்பலுக்குப் பதில் வெளிர் மஞ்சள் போடுங்கள்.

ரூபாயைப் படத்தில் எழுத வேண்டாம். கட்டணம் மாறினால் முழு அட்டையும் வீண். தனிச்சீட்டில் எழுதிக் கீழே ஒட்டினால் போதும்.

ஊர்ப்பெயர் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். இரண்டு பக்கமும் நமக்குச் சொந்தபந்தம் உண்டு, தினமும் போய்வருகிறவர்கள் உண்டு.

சரி, ஒட்டுவதற்கு முன் அதிகம் படிக்காத ஒருவரிடம் காட்டி, அவர் போகும் ஊருக்கு எத்தனை ஸ்டேஜ் என்று எண்ணச் சொல்லுங்கள். கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டோடு அது ஒத்துப்போனால் ஒட்டிவிடலாம்.