கொழுக்கட்டையில் ஒரு நரம்பு செல்

பத்தாம் வகுப்பில் நியூரானின் (நரம்பு செல்லின்) படத்தைப் பிழையின்றி வரைந்து பாகம் குறிக்கும் மாணவர்கள்கூட, ஆக்சான் என்னும் நீண்ட இழையைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை ஏன் விட்டுவிட்டு அமைந்திருக்கிறது என்று கேட்டால் பதிலின்றி நின்றார்கள். படத்தையே மீண்டும் விளக்குவதில் பயனில்லை என்று தோன்றியதால், தின்பண்டங்களைக் கொண்டு மாதிரி செய்யச் சொன்னேன்.

செல் உடலத்துக்கு முதலில் எடுத்த லட்டு, தூண்டலை வாங்கும் கிளைகளான டெண்ட்ரைட்டுகளாக ஓமப்பொடியைச் செருகியதும் உதிர்ந்துவிட்டது. வெந்த உருண்டைக் கொழுக்கட்டை அந்தக் குறையைத் தீர்த்தது. அதைப் பாதியாக வெட்டி நடுவில் உலர்திராட்சையைப் பதித்தால் உட்கருவும் தெரிகிறது. ஆக்சானுக்கு நீளவாக்கில் மெலிதாக நறுக்கிய கேரட்டை எடுத்து, பிள்ளைகள் விரலில் மாட்டித் தின்னும் குழல் அப்பளத் துண்டுகளை அதில் சிறு இடைவெளி விட்டுக் கோத்தபோது, உறையில்லாத இடைவெளிகளான ரேன்வியர் கணுக்கள் கண்முன் வந்தன. தூண்டல் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவுவதால்தான் மையலின் உறையுள்ள தடித்த இழைகளில் வேகம் வினாடிக்குச் சுமார் 100 மீட்டரை எட்டுகிறது என்பதை, கேரட்டின்மீது விரலைத் தாவவிட்டு அவர்களே விளக்கினார்கள்.

இரு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸுக்கு இரண்டு மாதிரிகளை வாழையிலையில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, தூண்டலை அடுத்த செல்லுக்குக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினுக்குப் பதிலாக இடையே சீரக மிட்டாயைத் தூவினோம். உண்மையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான். அளவு விகிதத்தில் மட்டும் இம்மாதிரி பொருந்தாது: 0.1 மி.மீ. செல் உடலத்தை 4 செ.மீ. கொழுக்கட்டையாக்கினால், தண்டுவடத்திலிருந்து பாதம்வரை செல்லும் சுமார் 1 மீட்டர் ஆக்சானுக்கு 400 மீட்டர் கேரட் வேண்டும். இதைக் கரும்பலகையில் கணக்காகவே போடவைத்தேன். உண்பதற்கு முன் ஒவ்வொருவரும் தாம் எடுக்கும் பாகத்தின் பணியைச் சொல்ல வேண்டும் என்பது விதி. மையலின் உறைதான் முதலில் தீர்ந்தது.